மேலே கம்ப்யூட்டர், கீழே ஃபோன்

2 ஜூன் 2001, சனி

மருந்துக் கம்பெனிக்காரர் அம்மாவுக்குக் கொடுத்த டைரி இது. ஐந்து மாதமாக பீரோவில் சும்மா கிடந்தது. இன்று நான் எடுத்துக்கொண்டேன். எழுதுவதற்கு ஒரு விஷயம் கிடைத்துவிட்டது. எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது!

மூன்று அட்டைப்பெட்டிகள். பார்சல் ஆபீசிலிருந்து தள்ளுவண்டியில் வந்தன. அனுப்பியவர் பெயர் வேல்சாமி, சென்னை. அதாவது அப்பா. அம்மா கையெழுத்துப் போட்டாள், பெட்டியின் மேலிருந்த அப்பாவின் எழுத்தை ஒரு தடவை பார்த்தாள், "சுவரோரமா வச்சிட்டுப் போங்க" என்று வண்டிக்காரரிடம் சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். கம்ப்யூட்டர் வந்த வீட்டில் யாராவது அரிசி களைவார்களா?

அப்பா இங்கே கோவில்பட்டியில் ரேடியோ, டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தார். இப்போது சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை. அவர் போய்ப் பதினோரு மாதமாகிறது. அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்வதில்லை. இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானே கண்டுபிடித்தேன்.

பெட்டிக்குள் அப்பாவின் கடிதம், நான்கு பக்கம். எந்த வயர் எந்த ஓட்டையில் என்று படம் வரைந்து கலர் பென்சிலால் தீட்டியிருந்தார். கம்ப்யூட்டரின் ஒவ்வொரு பாகத்தையும் அவரே வாங்கிச் சேர்த்துப் பூட்டியதாம். கடைசியில், "ஞாயிறு பதினொரு மணிக்கு டீச்சர் வீட்டுக்கு ஃபோன் செய்வேன், சந்தேகம் இருந்தால் கேள்." அம்மாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். அம்மாவும் பார்த்திருக்கிறாள். நான் குளித்துவிட்டு வந்தபோது கடிதத்தின் மடிப்பு மாறியிருந்தது.

3 ஜூன், ஞாயிறு

காலையிலேயே எல்லா வயரையும் மாட்டிவிட்டோம். படம் பார்த்துச் சொன்னது நான், மாட்டியது அம்மா. அம்மா ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் டெஸ்ட் செய்பவள், அதனால் கை நடுங்காது. எது எது என்று பிளாஸ்திரியில் எழுதி ஒவ்வொரு வயரிலும் ஒட்டியும் விட்டாள். ஸ்விட்சைப் போட்டதும் மேகமும் வானமுமாக ஒரு படம் வந்தது. நான் கத்தினேன். பத்து நிமிடத்தில் எல்லாம் பொசுக்கென்று அணைந்துபோனது. மறுபடி போட்டோம். மறுபடி பத்து நிமிடம்.

ஃபோன் எங்கள் வீட்டில் கிடையாது. கீழே வீட்டுக்காரர் எஸ்தர் டீச்சர் வீட்டு முன்னறையில் இருக்கிறது. நாங்கள் மாடி. நடுவில் பத்தொன்பது படி. டீச்சர் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து செருப்பைக் கழற்றுவதற்கும் ஃபோன் அடிப்பதற்கும் சரியாக இருந்தது.

"என்ன தாயி, ஓடுதா?"

"பத்து நிமிசம் ஓடிட்டு அணைஞ்சிருதுப்பா."

"அணையும்போது பின்னாடி ஃபேன் சுத்துதான்னு பாத்துட்டு வா."

ஓடினேன். அம்மா கம்ப்யூட்டர் பக்கத்தில் நின்றிருந்தாள். ஃபேன் சுற்றுகிறது என்றாள். இறங்கினேன். பெட்டி சுடுகிறதா என்று கேட்டார். ஏறினேன். சுடுகிறது என்றாள். இறங்கினேன்.

"அதுமேல சுத்தியிருந்த பாலிதீன் கவரை எடுத்தீங்களா இல்லையா?"

அதற்கு நான் ஏறவே வேண்டியதில்லை. எடுக்கவில்லை. புதுசு புதுசாகவே இருக்கட்டும் என்று அம்மா கவரோடு வைத்து, ஓட்டை வழியாக வயரை மட்டும் செருகியிருந்தாள். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கைப்பிடியில்கூட மூன்று வருடமாகக் கவர் இருக்கிறது. அப்பா சிரித்த சிரிப்பு டீச்சருக்கே கேட்டது.

"அதுக்கும் மூச்சு விடணும்னு உங்கம்மாட்டச் சொல்லு."

மேலே போய் அப்படியே சொன்னேன். அம்மா கவரைப் பிய்த்து எடுத்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோபமா சிரிப்பா என்று பார்ப்பதற்காக நான் அந்தப் பக்கம் சுற்றிப் போவதற்குள் அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மொத்தம் ஏழு தடவை ஏறி இறங்கினேன். இருபத்தைந்து நிமிடம் பேசினோம். "எங்க வீட்டுப் படி உன்னாலயே தேஞ்சிரும்ட்டி" என்றார் டீச்சர்.

6 ஜூன், புதன்

எட்டு நாளைக்கு அப்புறம் இன்று தண்ணீர் வந்தது. பதினான்கு குடம். கம்ப்யூட்டரில் பெயிண்ட் என்ற இடத்தில் குடம் வரைந்தேன், கழுதை மாதிரி வந்தது.

10 ஜூன், ஞாயிறு

கம்ப்யூட்டர் ஒரு வாரமாக அணையவே இல்லை. அப்பா கேட்டார், "நல்லா ஓடுதா?" ஓடுகிறது என்றேன். "சரி தாயி, நல்லாப் படி. வைக்கட்டுமா?" அவ்வளவுதான். இரண்டு நிமிடம்கூட இல்லை. அவரிடம் வேறு என்ன பேசுவது என்று எனக்கு வரவில்லை, அவருக்கும் வரவில்லை.

மேலே போனேன். அம்மா தலை சீவி, சேலை மாற்றிக்கொண்டு, கம்ப்யூட்டர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை எங்கே கிளம்புகிறாள் என்று தெரியவில்லை. "அவ்வளவுதானா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எங்கேயும் போகவில்லை.

16 ஜூன், சனி

கீபோர்டு வேலை செய்யவில்லை. எப்படி என்று தெரியாது. இதை இதோடு விட்டுவிடலாம்.

17 ஜூன், ஞாயிறு

பதினொரு தடவை ஏறி இறங்கினேன்!

ஸ்கிரீனில் என்ன எழுதியிருக்கிறது, ஆன் செய்யும்போது கீபோர்டில் மூன்று விளக்கும் ஒருமுறை மின்னுகிறதா, வேறு ஓட்டையில் மாற்றி மாட்டினீர்களா என்று அப்பா ஒவ்வொன்றாகக் கேட்டார். டாக்டர் மாதிரி. பெரிய விஷயம் என்னவென்றால், அவர் பார்க்காமலே பார்க்கிறார். எங்கள் வீட்டு மேஜை, ஜன்னல், பிளக் பாயின்ட் எல்லாம் அவருக்கு மனப்பாடம். "ஜன்னல் பக்கமா நிக்கிறியா, இருட்டா இருக்கும், டார்ச் எடுத்துக்கோ" என்கிறார்.

எட்டாவது தடவை மேலே போனபோது அம்மா, "அங்க என்ன சத்தம் கேக்குதுன்னு கேளு, பஸ் ஸ்டாண்டுலயா நிக்காக?" என்றாள். கீழே வந்து கேட்டேன். ரோட்டோரம் எஸ்டிடி பூத், வெயில் என்றார் அப்பா. மேலே போய்ச் சொன்னேன். "தலையில துண்டு போட்டுக்கிறச் சொல்லு" என்றாள். கீபோர்டுக்கும் துண்டுக்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் கொண்டுபோய்ச் சொன்னேன். அப்பா, "சரின்னு சொல்லு" என்றார்.

கடைசியில் கீபோர்டு வயர் பாதி கழன்றிருந்தது தெரிந்தது.

"அது தானா கழலாதே தாயி. இறுக்கமால்ல இருக்கும்?"

"பல்லி ஏதாச்சும் இழுத்திருக்கும்ப்பா."

"ஆமா ஆமா. கோவில்பட்டிப் பல்லிக்குப் பலம் ஜாஸ்தி."

24 ஜூன், ஞாயிறு

இன்றைக்கு நிஜமான மர்மம்.

நேற்று மாலையிலிருந்து மவுஸ் நகரவில்லை. திருப்பிப் பார்த்தால் அடியில் மூடி இருக்கிறது, உள்ளே இருக்கும் ரப்பர் உருண்டையைக் காணோம். இதை நான் செய்யவில்லை. சத்தியமாக இதை நான் செய்யவில்லை.

அப்பாவிடம் சொன்னதும் அவர் மறுபடி சிரித்தார். "மூடியத் திருகிக் கழட்டினாத்தான் உருண்டை வெளிய வரும். மறுபடி மூடியையும் போட்டிருக்கே. உங்க வீட்டுப் பல்லி பெரிய மெக்கானிக்தான்." தேடச் சொன்னார். வைக்காமல் காத்திருந்தார். நான் மேஜைக்கு அடியில், துணிக்கூடையில், அம்மி பக்கத்தில் எல்லாம் தேடினேன். அம்மாவும் தேடினாள். தேடிக்கொண்டே, "இவ்வளவு நேரம் லைன்ல நிக்காகளே, காப்பி குடிச்சாகளான்னு கேளு" என்றாள்.

குடித்தாராம். இட்லி நன்றாக இல்லையாம், தேங்காய்ச் சட்னியில் தண்ணீர் ஊற்றிவிடுகிறார்களாம். நான் போய்ச் சொன்னதும் அம்மா, "மெட்ராஸ்ல அப்படித்தான்" என்றாள், மெட்ராசில் பத்து வருடம் இருந்தவள் மாதிரி.

உருண்டை மத்தியானம் கிடைத்தது. அம்மாவின் லேப் பையில், சின்னக் கண்ணாடிப் பாட்டிலில், பஞ்சு சுற்றி. "அழுக்கா இருந்துச்சு, ஸ்பிரிட் போட்டுத் தொடைக்கலாம்னு எடுத்தேன், மறந்துட்டேன்" என்றாள். அம்மா எதையும் மறக்கிற ஆள் இல்லை. ரத்தம் கொடுத்தவர்களின் பெயரெல்லாம் அவளுக்கு மூன்று வருடத்துக்கு ஞாபகம் இருக்கும். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

1 ஜூலை, ஞாயிறு

இன்று நான் ஒரு தப்புச் செய்தேன்.

ஸ்கிரீன் இருட்டாகிவிட்டது. ஸ்கிரீனுக்கு அடியில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகை யாரோ கடைசிவரை திருப்பியிருக்கிறார்கள். யார் என்று நான் கேட்கவில்லை. நான்கு தடவை ஏறி இறங்கினேன். ஐந்தாம் தடவை இறங்கும்போது எனக்குள் ஒரு யோசனை. அம்மா கேட்டது, "எந்தப் பக்கம் திருப்பணும்?" மட்டும்தான். நான் ஃபோனில், "அம்மா உங்கள ரொம்பத் தேடுதாங்கப்பா. எப்ப வாரீகன்னு கேட்டாங்க" என்று சேர்த்துச் சொன்னேன்.

பின்னால் பஸ் ஹாரன் மட்டும் கேட்டது. அப்பா குரல் மாறி, "அவளே சொன்னாளா?" என்றார். ஆமாம் என்றேன். "கூப்பிட்டா வந்திருவேன்னு சொல்லு."

படியேறும்போது எனக்கு ஒரே சந்தோஷம். மூச்சு வாங்கச் சொன்னேன். அம்மா திருகைத் திருப்பிக்கொண்டிருந்த கையை எடுத்தாள்.

"நான் எப்பட்டி கேட்டேன்?"

நான் திருதிருவென்று விழித்தேன். அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. "நான் சொல்லாததச் சொன்னா நாளைக்கு நான் சொல்றதயும் அவுக நம்ப மாட்டாக. போ. நீ சும்மா சொன்னதுன்னு போய்ச் சொல்லு." போய்ச் சொன்னேன். படி பத்தொன்பதுதான், இன்று தொண்ணூறு மாதிரி இருந்தது. அப்பா, "சரி தாயி, பரவால்ல" என்று வைத்துவிட்டார்.

2 ஜூலை, திங்கள்

என்ன நடந்தது என்று எழுதி வைக்கிறேன், எழுதினால் புரிகிறதா பார்க்கலாம்.

போன வருடம் இதே ஜூலையில் சாத்தூரில் பெரிய மாமா புது வீடு கட்டிப் பால் காய்ச்சினார். அம்மாவின் அண்ணன் அவர், தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கிறார். பந்தியில் யாரோ அப்பாவைக் காட்டி, மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். மாமா இலை போட்டுக்கொண்டே சத்தமாக, "பழைய ரேடியோவத் தொடச்சிக்கிட்டு இருக்காரு. எந்தங்கச்சி இருக்கப்போயி வண்டி ஓடுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா கையில் பாயச வாளி இருந்தது. அவள் அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் அப்பா கடையைப் பூட்டிவிட்டுச் சென்னைக்குப் போனார். மாமா சொன்னதற்காகப் போனார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இன்று எழுதும்போதுதான் சந்தேகம் வருகிறது. அப்பா மாமாவைப் பார்க்கவே இல்லை. அம்மாவைத்தான் பார்த்தார்.

8 ஜூலை, ஞாயிறு

அம்மா ஞாயிறு டியூட்டி கேட்டு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். "மேல யாரு இருக்கா?" என்று அப்பா கேட்டார். யாரும் இல்லை என்றேன். கம்ப்யூட்டரும் நன்றாக இருந்தது. ஒரு நிமிடம்.

15 ஜூலை, ஞாயிறு

அம்மா மறுபடி டியூட்டி. ஒரு நிமிடம். டீச்சர் எனக்கு ஒரு ரொட்டி கொடுத்து, "அவுக ரெண்டு பேருக்கும் நடுவுல நீ தபால்காரி. தபால்காரி கடிதம் எழுதக் கூடாதுட்டி" என்றார். டீச்சருக்கு எல்லாமே கேட்டிருக்கிறது. வெட்கமாகப் போய்விட்டது.

21 ஜூலை, சனி

பெரிய மாமா வந்தார். ஸ்வீட், பழம் எல்லாம் வாங்கி வந்தார். அம்மாவிடம் பேசியது இதுதான், வரிக்கு வரி எழுதுகிறேன்.

"வருசமாச்சு கனி. ஆம்பளை இல்லாத வீட்டுல நீயும் பொம்பளப் புள்ளையும் எத்தனை நாளைக்கு? சாத்தூருக்கு வந்துரு. மாடி காலியா இருக்கு. வேலையும் அங்கயே பாத்துத் தாரேன். ஆகஸ்ட் அஞ்சாம் தேதி வண்டி அனுப்புதேன். மாப்பிள்ளை கூடப் பெரியவங்கள வச்சுப் பேசி முடிச்சிருவோம்."

அம்மா காபி டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். சரி என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மாமா அதைச் சரி என்றே எடுத்துக்கொண்டார். போகும்போது கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்து, "இத நம்ம பாலாவுக்குக் குடுத்துரலாம், அவன் காலேஜ் படிக்கான்ல" என்றார். பாலா அவர் மகன்.

முடிப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். என் வகுப்பில் ஒருத்தி இருக்கிறாள். அவளுடைய அப்பாவுக்கு இப்போது வேறு வீடு. எனக்குப் பயமாக இருக்கிறது. சாத்தூர் போய்விட்டால் அங்கே மாமா வீட்டு ஹாலில் ஃபோன். அப்பா அந்த நம்பருக்குக் கூப்பிடவே மாட்டார்.

22 ஜூலை, ஞாயிறு

ரோட்டைத் தோண்டியதில் தெரு முழுக்க ஃபோன் செத்துவிட்டது. பன்னிரண்டு மணிவரை ஃபோன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

24 ஜூலை, செவ்வாய்

அப்பாவுக்கு இன்லேண்ட் லெட்டர் எழுதினேன். வண்டி வருவதை எழுதினேன். ஒட்டுவதற்குள் அம்மா பார்த்துவிட்டாள். படித்தாள். கிழிக்கவில்லை.

"இத நான் சொல்லணும்ட்டி. நீ சொன்னா அது நீ சொன்னதாத்தான் இருக்கும்."

"அப்ப நீங்க சொல்லுங்க."

அம்மா கடிதத்தை அரிசி டிரம்முக்கு அடியில் வைத்தாள்.

28 ஜூலை, சனி

கம்ப்யூட்டர் நிஜமாகவே கெட்டுவிட்டது. ஆன் செய்தால் நீளமாக மூன்று தடவை கூவுகிறது, ஸ்கிரீனில் ஒன்றும் இல்லை. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். "நீ ஏதும் செஞ்சியா?" "இல்ல. நீங்க?" "இல்லட்டி." இரண்டு பேரும் அப்படியே நின்றோம். பிறகு அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும்தான்.

29 ஜூலை, ஞாயிறு

ஃபோன் உயிர் பெற்றுவிட்டது. பதினொரு மணிக்கு அடித்தது. மூன்று கூவல் என்றதும் அப்பா விளையாட்டை விட்டுவிட்டார்.

"அது மெமரி தாயி. பெட்டியத் தொறந்து உள்ள ஒரு பட்டையைக் கழட்டணும். கரண்டு பிளக்க முதல்ல எடுத்துரணும். இதை நீ ஓடி ஓடிச் சொல்ல முடியாது, தப்பாத் தொட்டா போயிரும். யாராச்சும் கையில ஃபோன வச்சுக்கிட்டே செய்யணும்."

மேலே போய்ச் சொன்னேன். "ஒவ்வொண்ணா எழுதிட்டு வா" என்றாள் அம்மா. எழுதிக்கொண்டு வந்தேன். பட்டை எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை, அந்த மாதிரி மூன்று தெரிகிறது என்றாள். கீழே போனேன். நீளமா குட்டையா என்று கேட்டார். மேலே வந்தேன். ஒன்பதாம் தடவையில் கால் இடறி முழங்காலில் தோல் போய்விட்டது. ரத்தம் வந்தது. அம்மா பஞ்சு எடுத்து வைத்து அழுத்தினாள். அழுத்திக்கொண்டே கம்ப்யூட்டர் பெட்டியைப் பார்த்தாள்.

அப்புறம் அவள் செய்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. வயரையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "ஸ்க்ரூ டிரைவர எடுத்துக்கிட்டு முன்னாடி நட" என்றாள். பத்தொன்பது படியும் இறங்கி, டீச்சர் வீட்டு முன்னறையில் ஃபோனுக்குக் கீழே தரையில் வைத்தாள். டீச்சர் காலை மடக்கிக்கொண்டு சோபாவில் ஒடுங்கினார். அம்மா தொங்கிக்கொண்டிருந்த ரிசீவரை எடுத்துத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள்.

"ம். தொறந்துட்டேன். சொல்லுங்க."

ஒரு வருடம் கழித்து அம்மா அப்பாவிடம் பேசிய முதல் வார்த்தை "தொறந்துட்டேன்."

அதற்கு மேல் எனக்கு ஒரு பக்கம்தான் கேட்டது. "ம்... பச்சைப் பட்டை... ரெண்டு பக்கமும் கொக்கி... ம்... வந்துருச்சு... மஞ்சளா பல்லு பல்லா இருக்கு... ரப்பரா? ஏட்டி, உன் அழிரப்பரக் குடு... தேய்க்கேன்... கறுப்பா வருது... ஆமா." ரத்தத் துளியைக் கண்ணாடியில் தேய்க்கிற அதே மெதுவோடு தேய்த்தாள். திருப்பி மாட்டினாள். டக்கென்று சத்தம் வந்தது. "கேட்டுச்சா?" என்றாள். அவருக்கும் கேட்டிருக்கிறது போல.

முடிந்துவிட்டது. வைக்கலாம். ஆனால் வைக்கவில்லை. அம்மா ஃபோன் வயரை விரலில் சுற்றினாள்.

"மவுசு உருண்டைய நான்தான் எடுத்தேன்" என்றாள் திடீரென்று. "ஸ்கிரீனையும் நான்தான். கீபோர்டு நான் இல்ல, அது உங்க மக."

எனக்குக் காது சூடாகிவிட்டது. அப்பா என்ன சொன்னாரோ, அம்மா விரலில் சுற்றிய வயரை அவிழ்த்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். வண்டி விஷயத்தைச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். "சரி, வச்சிருதேன்" என்று வைத்துவிட்டாள்.

பெட்டியை மேலே கொண்டுபோய் மாட்டியதும் ஒரே கூவலோடு வானமும் மேகமும் வந்தது. எனக்கு அதில் சந்தோஷமே இல்லை. சொல்லியிருக்கலாமே!

31 ஜூலை, செவ்வாய்

மாமா ஆள் அனுப்பினார். டி.சி. வாங்கியாச்சா என்று கேட்டுவரச் சொன்னாராம். அம்மா, "ஸ்கூல்ல லீவு" என்றாள். இன்று லீவு இல்லை.

1 ஆகஸ்ட், புதன்

அம்மாவிடம் கேட்டேன், அன்றைக்கு மாமா வீட்டில் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று. "எங்கப்பா போனதுக்கப்புறம் என்னைப் படிக்க வச்சது அண்ணன். அவருக்கு முன்னாடி எனக்கு வாய் வராது. ஆனா அது காரணமில்ல. நான் பேசியிருக்கணும்" என்றாள். அழுதாள். அம்மா அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

4 ஆகஸ்ட், சனி

அம்மா அட்டைப்பெட்டிகளைப் பரணிலிருந்து இறக்கினாள். அதற்குள் எதையும் வைக்கவில்லை. ராத்திரிச் சாப்பாடு ரசமும் அப்பளமும்.

5 ஆகஸ்ட், ஞாயிறு

பத்தரைக்கு வேன் வந்தது. மாமாவும் தீப்பெட்டி ஆபீஸ் ஆட்கள் இரண்டு பேரும். மாமா மாடிக்கு வந்து சுற்றிப் பார்த்தார்.

"என்ன கனி, ஒண்ணுமே கட்டலையா?"

"பதினொண்ணுக்கு அவுக ஃபோன் வரும்ணே."

"நல்லதாப் போச்சு. நானே பேசி விசயத்தச் சொல்லிருதேன்."

எல்லோரும் கீழே இறங்கினோம். டீச்சர் அப்போதுதான் சர்ச்சிலிருந்து வந்திருந்தார், பைபிளை மடியில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். மாமா ஃபோனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மாமா எடுத்துவிட்டால் அவ்வளவுதான், அப்பா சரி என்று சொல்லி வைத்துவிடுவார். அவர் சண்டை போடுகிற ஆள் இல்லை.

மணி அடித்தது. மாமா கையை நீட்டினார். அம்மா நடுவில் போய் நின்று எடுத்துவிட்டாள்.

"ஏங்க, நான்தான். வைக்காதீங்க. அப்படியே கேட்டுக்கிட்டு இருங்க."

ரிசீவரைக் காதில் வைக்கவில்லை. மாமாவுக்கும் தனக்கும் நடுவில் நீட்டிப் பிடித்துக்கொண்டாள். கை நடுங்கியது. லேபில்கூட நடுங்காத கை.

"அண்ணே, உங்க வீட்டுப் பந்தியில நான் வாயத் தொறக்கல. இப்பச் சொல்லுதேன், அவுகளும் கேக்கட்டும். எங்க வீட்டுக்காரரு சும்மா ரேடியோவத் தொடச்சிக்கிட்டு இருக்கிறவரு இல்ல. மெட்ராஸ்ல வெயில்ல நின்னுக்கிட்டு, கண்ணால பாக்காம, ஒரு சின்னப் புள்ள ஓடி ஓடிச் சொல்றத வச்சே இங்க உள்ளதச் சரி பண்ணுறவரு. அவரு தொழில நீங்க கேவலமாப் பேசினீங்க. நான் பாயசம் ஊத்திக்கிட்டு இருந்தேன். உங்களவிட என் தப்புதான் பெருசு."

"கனி, யோசிச்சுத்தான் பேசுதியா?"

"வருசம் பூரா யோசிச்சிட்டேன்ணே. நீங்க என்னைப் படிக்க வச்சத நான் சாகுறவரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா சாத்தூருக்கு நான் வரல. வண்டியத் திருப்பி அனுப்புங்க."

மாமாவின் முகம் கறுத்துவிட்டது. என்னைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். "சரிம்மா, உன் இஷ்டம்" என்று எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது நின்றார், ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். "புள்ளைய நல்லாப் படிக்க வை" என்றார். வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. அவரைப் பார்க்க எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது.

அம்மா அப்போதும் ரிசீவரை நீட்டியபடியே நின்றாள். டீச்சர்தான், "அவரு அங்க நிக்காரு கனி" என்று மெதுவாகச் சொன்னார். அம்மா காதில் வைத்தாள்.

"கேட்டீங்களா?"

அப்பா சொல்வதைக் கேட்டுக்கொண்டே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். இரண்டு தடவை "ம்" என்றாள். நான் நைசாகப் பக்கத்தில் போய் ரிசீவரில் காதை வைக்கப் பார்த்தேன். டீச்சர் என் காதைப் பிடித்துத் திருகி வெளியே கொண்டுவந்து விட்டு, அவரும் வெளியே வந்து, கதவை ஒருக்களித்துச் சாத்தினார்.

நான் படியில் உட்கார்ந்தேன். கதவிடுக்கு வழியாக அம்மாவின் குரல் கேட்டது.

"எப்ப வாரீங்க?"

பதில் எனக்குக் கேட்கவில்லை. அம்மாவுக்குக் கேட்டது.